கிருனாவில் ஒரே ஒரு நாள்: சுரங்கமா, ஏவுதளமா, அபிஸ்கோவா?

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி ஏறத்தாழ 145 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது கிருனா. துருவ ஒளிக்காகவும் பக்கத்து ஊரான யூக்கஸ்யார்வியின் பனி விடுதிக்காகவும் அங்கே போகிறவர்களே மிகுதி. பொறியியலிலோ அறிவியலிலோ நாட்டமுள்ளவர்கள் பார்ப்பதற்கு வேறு மூன்று இடங்கள் இருக்கின்றன: ஊரின் ஓரத்திலேயே உள்ள எல்கேஏபி நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கம், கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள எஸ்ரேஞ்ச் ராக்கெட் ஏவுதளம், மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உள்ள அபிஸ்கோ அறிவியல் ஆய்வு நிலையம். மூன்றும் மூன்று திசைகளில் இருப்பதால் ஒரே நாளில் மூன்றையும் நிதானமாகப் பார்ப்பது நடக்காத காரியம். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நான் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். வழிகாட்டி நம்மை வேலை நடக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகே அழைத்துப் போகிறார் என்பது ஒன்று. அங்கே கண்ணால் கண்டதைக் கொண்டே அந்தத் தொழில் இயங்கும் விதத்தை நாம் புரிந்துகொள்ள முடிகிறதா என்பது இன்னொன்று.

முதலில் சுரங்கம். எல்கேஏபி 1890-இல் தொடங்கப்பட்டது. கிருனா ஊர் 1900-இல் அந்தச் சுரங்கத்துக்காகவே உருவானது. சுரங்கம் இருக்கும் கீருனவாரா மலையின் தாதுப் படுகை சுமார் 4 கிலோமீட்டர் நீளமும் சராசரியாக 80 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பலகைபோல, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 60 பாகை சாய்ந்து, பூமிக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. பார்வையாளர்களைப் பேருந்திலேயே சுரங்கப் பாதை வழியாக உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். நிலத்தடியில் 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் இருக்கின்றன. கூண்டில் ஏறிக் கிணற்றுக்குள் இறங்குவதாகக் கற்பனை செய்துகொண்டு போகிறவருக்கு, விளக்கு எரியும் அகலச் சாலையில் பேருந்து வளைந்து வளைந்து இறங்குவதே முதல் பாடம்.

பார்வையாளர் கூடம் 540 மீட்டர் மட்டத்தில் இருக்கிறது. இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சுரங்க மட்டங்களை ஊர்த் தரையிலிருந்து அளப்பதில்லை. தோண்டத் தொடங்குவதற்கு முன்பிருந்த மலையுச்சியே அங்கே பூஜ்யம். அந்த உச்சி வெட்டப்பட்டு மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆகவே 540 மட்டத்தில் நிற்பவர் ஊருக்குக் கீழே 540 மீட்டர் ஆழத்தில் நிற்கவில்லை, இல்லாத ஓர் உச்சியிலிருந்து அளந்த ஆழத்தில் நிற்கிறார். அதைவிட முக்கியமான செய்தி, தாதுவை ரயிலில் ஏற்றும் தற்போதைய முதன்மை மட்டம் 1,365 என்பது. 2013-இல் திறக்கப்பட்ட அந்த மட்டத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில்கள் ஓடுகின்றன. பார்வையாளர் இருக்கும் இடத்துக்கும் அந்த ரயில்களுக்கும் இடையே 800 மீட்டருக்கு மேல் பாறை கிடக்கிறது. மேலே நாம் காண்பது இயந்திரங்களின் காட்சியையும் படங்களையும் விளக்கங்களையும்தான். என் முதல் அளவுகோலின்படி இது சுரங்கச் சுற்றுலாவின் பெரிய குறை; பயணச்சீட்டு வாங்கும்முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இருந்தும் இரண்டாவது அளவுகோலில் சுரங்கத்துக்கு ஈடாக மற்ற இரண்டும் நிற்கவில்லை. அங்கே விளையும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. கோலிக்குண்டைவிடச் சிறிய, சாம்பல் கலந்த கருமையுடைய பெல்லட் உருண்டைகள்தாம் சுரங்கத்தின் முதன்மை விளைபொருள். ஒரு கைப்பிடி அள்ளினால், அந்த அளவுக்குச் சாதாரணக் கூழாங்கல் இத்தனை கனமாக இராது என்பது உடனே தெரியும். கிருனாவின் தாது மேக்னடைட், அதாவது காந்தம் ஈர்க்கும் தாது. அரைத்த தூளிலிருந்து வீண் பாறையைப் பிரிக்கக் காந்தமே போதும் என்பது முதல் நன்மை. உருண்டைகளைச் சுடும்போது மேக்னடைட் ஆக்சிஜனை ஏற்று ஹெமடைட் என்ற இன்னொரு வகை இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. அந்த மாற்றமே வெப்பத்தை வெளியிடுவதால், சூளைக்கு வேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதியைத் தாதுவே கொடுத்துவிடுகிறது என்பது இரண்டாவது நன்மை. வெளியிலிருந்து எரிபொருளைக் கொண்டுவரவேண்டிய ஒரு வடதுருவ ஊருக்கு இது சாதாரணமான அனுகூலம் அல்ல. இதை வழிகாட்டியிடம் தவறாமல் கேட்க வேண்டும்.

தாதுவை எடுக்கும் முறையை விளக்கும் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நிற்கலாம். தாதுப் படுகைக்குள் கிடைமட்டமாகப் பாதைகளை வெட்டி, அவற்றின் கூரையில் விசிறி விரிவதுபோல மேல்நோக்கித் துளையிட்டு, வெடிமருந்தை நிரப்பி வெடிக்கிறார்கள். ஒரு வெடிப்பில் சுமார் 10,000 டன் தாது சரிகிறது. அதை அள்ளிச் செங்குத்துக் குழாய்களில் கொட்டினால், அது தன் எடையாலேயே கீழே ரயில் மட்டத்துக்கு விழுகிறது. தாது போன வெற்றிடத்தைத் தாங்கத் தூண்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. மேலே சாய்ந்து கிடக்கும் பாறை இடிந்து அந்த இடத்தை நிரப்பட்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை. படுகை கிழக்கே சாய்ந்திருக்கிறது, ஊரும் கிழக்கேதான் இருக்கிறது. ஆழம் கூடக்கூடத் தரையின் சிதைவு ஊரை நோக்கி நகர்வதற்குக் காரணம் இந்த இரண்டும்தாம்.

அதனால்தான் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு நேரே விடுதிக்குத் திரும்புவதை நான் ஏற்கமாட்டேன். இந்தச் சுற்றுலாவின் மறுபாதி தரைக்கு மேலே இருக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. ஊரை இடம் மாற்ற வேண்டும் என்ற அறிவிப்பு 2004-இல் வந்தது. புதிய மையம் பழைய மையத்துக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில் எழுந்து, 2022 செப்டம்பரில் முறையாகத் திறக்கப்பட்டது. வட்ட வடிவிலான நகர மன்றக் கட்டடத்தின் அருகே, பழைய நகர மன்றத்தின் மணிக்கூண்டைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1912-இல் கட்டி முடிக்கப்பட்ட, வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் குடிலை நினைவூட்டும் மரத் தேவாலயம் 2025 ஆகஸ்ட் 19, 20 ஆகிய இரு நாட்களில் முழுக் கட்டடமாகவே சக்கரங்களின் மீது 5 கிலோமீட்டர் பயணம் செய்தது. எடை 672 டன். வேகம் மணிக்கு அதிகபட்சம் அரைக் கிலோமீட்டர். அதற்காகச் சாலையை 9 மீட்டரிலிருந்து 24 மீட்டராக அகலப்படுத்தினார்கள். பழைய ஊர்ப்பக்கம் போய் வேலிக்கு அப்பால் வெறுமையாகக் கிடக்கும் தரையைப் பார்த்தால், படத்தில் கண்ட சாய்ந்த கோட்டின் முனை எங்கே வந்து நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

காட்சிக்கூடத்தில் எளிதாக நழுவிப்போகும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்கு வடக்கே உள்ள பெர் கெய்யர் படுகையில் 10 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அருமண் (rare earth) உலோக ஆக்சைடுகள் இருப்பதாக 2023 ஜனவரியில் எல்கேஏபி அறிவித்தது. கலைமான்களின் இடப்பெயர்வுப் பாதை அறுபட்டுவிடும் என்று காப்னா சாமி சமூகத்தினர் அதை எதிர்க்கிறார்கள். இதைப் பற்றி வழிகாட்டி பேசாவிட்டால் நாம் கேட்பதில் தவறில்லை.

எஸ்ரேஞ்ச் முற்றிலும் வேறு தன்மையது. தமிழ் வாசகர்களுக்குக் கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தை நினைவுபடுத்தி இதை எளிதாக விளக்கலாம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் தும்பா தேர்வானது. துருவ ஒளி மண்டலத்தின் அடியில் இருந்ததால் எஸ்ரேஞ்ச் தேர்வானது. 1966 நவம்பரில் அங்கிருந்து முதன்முதலில் கிளம்பியது பிரெஞ்சு சென்டார் ஆய்வு ராக்கெட். அதே வகை ராக்கெட்டைத்தான் பின்னர் உரிமம் பெற்றுத் தும்பாவிலும் தயாரித்தார்கள். 1972 முதல் சுவீடன் விண்வெளிக் கழகம் எஸ்ரேஞ்சை நடத்துகிறது. செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதைக்கு அனுப்புவதற்கான புதிய ஏவுவளாகம் 2023 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. ராக்கெட்டின் பாகங்கள் கடலில் விழாமல் நிலத்தில் விழுவதால், ஆய்வுக் கருவிகளை ஹெலிகாப்டரில் போய் எடுத்து வந்துவிட முடிகிறது. ஆளரவமற்ற 5,200 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் சில வேளை போதவில்லை. 2023 ஏப்ரலில் ஏவிய டெக்ஸஸ்-58 என்ற ஆய்வு ராக்கெட் வழி விலகி, எல்லைக்கு 15 கிலோமீட்டர் அப்பால் நார்வே மலையில் விழுந்தது.

ஆனால் எஸ்ரேஞ்சுக்குச் சுற்றுலாவாகப் போகும் நாளில் ஏவுதலைக் காணலாம் என்று நம்பிப் போகக் கூடாது. காற்றும் வானிலையும் கருவியின் நிலையும் கூடிவர வேண்டும். அதுவரை காத்திருப்பதே அங்கே அன்றாட வேலை. நாம் காண்பது ஏவுகூடங்களையும் பெரிய அலைவாங்கிகளையும் பலூன்களை நிரப்பும் விரிந்த திடலையும்தான். சூரியனை ஆராயும் சன்ரைஸ் தொலைநோக்கி 2024 ஜூலையில் இத்தகைய ஹீலியம் பலூன் ஒன்றில் தொங்கியபடி அங்கிருந்து கிளம்பிக் கனடாவில் போய் இறங்கியது. வடதுருவக் கோடையில் சூரியன் மறைவதில்லை என்பதால்தான் நாள் முழுவதும் இடைவிடாமல் பார்க்கும் அந்தத் தொலைநோக்கிக்கு எஸ்ரேஞ்ச் பொருத்தமான இடமாயிற்று. இத்தகைய காரணங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வமுள்ள மாணவர் குழுவுக்கு எஸ்ரேஞ்ச் சுரங்கத்தைவிடச் சிறந்தது என்றே சொல்வேன். குழுவாக முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டு போவது அவசியம். தனியாக, ஒரு பிற்பகலில் எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு அது ஏற்றதல்ல.

கிருனாவிலேயே தலைமையகத்தைக் கொண்ட சுவீடன் விண்வெளி இயற்பியல் நிறுவனம் சுற்றுலா இடமல்ல. ஆயினும் அதன் பெயர் நமக்கு அந்நியமானதும் அல்ல. சந்திரயான்-1 சுமந்து சென்ற சாரா கருவி இந்நிறுவனமும் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் கூட்டாகச் செய்தது.

அபிஸ்கோவைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1913 முதல் அங்கே வானிலையை அளந்து வருகிறார்கள். நூற்றாண்டைத் தாண்டிய அந்த அளவைத் தொடரே நிலையத்தின் பெருஞ்செல்வம். தோர்னேத்ரெஸ்க் ஏரியின் பனி உடையும் நாளும், ஸ்தூர்தாலென் சதுப்பில் உறைமண் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்) உருகுவதும், அதிலிருந்து மீத்தேன் வெளிவருவதும் அங்கே ஆராயப்படுகின்றன. உறைமண் உருகிச் சரிந்த இடத்தில் தேங்கும் நீரைத் தவிர, கண்ணுக்கு எளிதில் புலப்படுவது அதிகம் இல்லை. புரிவதெல்லாம் எண்களால்தான் புரியும். இரண்டாவது நாள் கையில் இருந்தால் கோடையில் ரயிலேறிப் போகலாம். அதே தண்டவாளத்தில்தான் கிருனாவின் தாது நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குப் போகிறது, எதிரே வரும் 68 பெட்டி ரயிலையும் வழியில் பார்த்துவிடலாம்.

ஒரே நாள் என்றால் காலையில் சுரங்கம், பிற்பகலில் பழைய ஊரும் புதிய ஊரும் என்பதே என் தேர்வு. தங்குவதற்குப் புதிய மையத்தைவிடப் பழைய ஊர்ப்பக்கமே பொருத்தம். வெடிப்பு வேலையை நள்ளிரவுக்குப் பின், ஒன்றரை மணியளவில்தான் செய்கிறார்கள். காலை வேலைமுறை தொடங்குவதற்குள் புகை வெளியேற வேண்டும் என்பதே காரணம். பேருந்தில் இறங்கிப் பார்க்க முடியாத அந்த ஆழத்து வேலை, அந்த நேரத்தில் படுக்கையில் ஒரு மெல்லிய அதிர்வாக வந்து சேரும்.