செக்யூரிட்டி நிறுவனம் நடத்துகிறவர்கள் கவனத்துக்கு: நெல்லைப் பக்கம் 'டெண்டர் பேக்கேஜ்' மோசடி

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் செக்யூரிட்டி நிறுவனம் நடத்துகிறவர்களும், பென்ஷனில் வந்து புதிதாகத் தொடங்க நினைக்கும் முன்னாள் ராணுவத்தினரும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். லைசென்ஸ் எடுப்பது முதல் அரசு டெண்டர் போடுவது வரை எல்லாம் ஒரே பேக்கேஜ் என்று பணம் வாங்கும் இடைத்தரகர் ஒருவரிடம், பாளையங்கோட்டைப் பக்கத்துச் சிறு நிறுவனம் ஒன்று மாட்டிக்கொண்டது. புகார் கொடுத்தாகிவிட்டது, அதனால் யார் பெயரும் இங்கே இல்லை. அவர் தயாரித்துக் கொடுத்த கோப்பைத் தாள் தாளாகப் புரட்டியதில் தெரியவந்ததைத்தான் எழுதுகிறோம்.

"அண்ணாச்சி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்." இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். டெண்டரில் வைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்குத்தான். தரகர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

முதலில் லைசென்ஸ். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இன்படி (பிசாரா என்று சொல்வது இதைத்தான்) ஒரு மாவட்டத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. தரகர் மாநிலம் முழுவதற்கும் என்று பணம் வாங்கிக்கொண்டு, திருநெல்வேலி ஒரு மாவட்டத்துக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறார். டெண்டரோ தென்காசி மாவட்டத்துக் கட்டிடங்களுக்கு. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. 'நெல்லை லைசென்ஸ் அங்கேயும் செல்லும்' என்ற பழைய நினைப்பில் இருப்பவர்கள் இன்னும் நிறைய. பணி நடக்கும் மாவட்டம் லைசென்ஸில் இல்லையென்றால் டெக்னிக்கல் பிட்டிலேயே, அதாவது விலையைப் பார்க்கும் முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் கட்டத்திலேயே, வெளியே. அரசுக்குக் கட்டிய ரசீதைக் கையில் வாங்கிப் பாருங்கள். எத்தனை மாவட்டத்துக்கு என்பதைத் தொகையே சொல்லிவிடும்.

'பத்து நாளில் லைசென்ஸ்' என்பதையும் நம்பாதீர்கள். முழு விவரங்களோடு விண்ணப்பம் வந்த பிறகு முடிவெடுக்க அதிகாரிக்குச் சட்டம் 60 நாள் தருகிறது. நடுவே முன்நடத்தை விசாரணையும் இருக்கிறது. லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், புதுப்பிக்க 45 நாளுக்கு முன்பே மனு போட வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் தொழில் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்து பயிற்சிச் சான்று. மத்திய மாதிரி விதிகளின்படி ஒரு காவலருக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் ராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும் 40 மணியும் 16 மணியும், 7 வேலை நாள். இந்தக் கோப்பில் எல்லாக் காவலர்களுக்கும் ஒரே தேதியில் தொடங்கி ஒரே தேதியில் முடிந்த சான்று இருந்தது. அதே கோப்பில் இணைத்திருந்த வருகைப் பதிவேட்டில், அதே நாட்களில் அவர்களில் பாதிப்பேர் இரவு டியூட்டியில் இருக்கிறார்கள். போலிச் சான்று மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனி பி.எப். சலான். மோசடியில் மோசமான பகுதி இதுதான். டெண்டரில் 40 பேருக்கு மேல் பணியாளர் வேண்டும் என்று நிபந்தனை. இந்த நிறுவனம் அப்போது பி.எப். கட்டிக்கொண்டிருந்தது 6 பேருக்கு. தரகர் அந்த உண்மையான சலானை எடுத்து, ஆள் எண்ணிக்கையை 42 என்றும், 1-ஆம் கணக்கின் (பி.எப். சேமிப்பு) தொகையையும் மொத்தத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறார். 21-ஆம் கணக்கை மறந்துவிட்டார். அந்தக் கணக்கு, சம்பளத்தில் 0.5 சதவீதம் போகும் இன்சூரன்ஸ் பங்கு. அதில் 420 ரூபாய் என்றே இருந்தது. 420 ரூபாய் 0.5 சதவீதம் என்றால் மொத்தச் சம்பளம் 84,000. ஆறு பேருக்குத் தலைக்கு 14,000, கணக்கு சரி. 42 பேருக்கு என்றால் ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் சம்பளம்! எந்த அலுவலகத்து கிளார்க்கும் கண்டுபிடிப்பார்.

அந்தக் கணக்குக்கூடப் போட வேண்டாம். பி.எப். நிறுவனமான இ.பி.எப்.ஓ. இணையதளத்தில் லாகின் இல்லாமலே நிறுவனத்தின் பெயரையோ பி.எப். குறியீட்டு எண்ணையோ கொடுத்தால், எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்கு என்று வந்துவிடும். தரகர் உங்களுக்காகக் கட்டியதாகச் சொல்லும் மாதங்களையும் அங்கேயே சரிபாருங்கள். அதேபோல ஆடிட்டர் கொடுத்த டர்ன்ஓவர் சான்றில் 18 இலக்க யு.டி.ஐ.என். (ஒவ்வொரு சான்றுக்கும் ஆடிட்டர் எடுக்கும் தனி அடையாள எண்) இருக்க வேண்டும், அதை ஆடிட்டர்களின் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அனுபவச் சான்றுக்கு வழி எளிது: சான்று கொடுத்த அலுவலகத்துக்கு டெண்டர் அதிகாரிகளே கடிதம் போட்டுக் கேட்பார்கள்.

போலி என்று தெரிந்தால் இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) பறிபோகும், டெண்டர்களில் கலந்துகொள்ளத் தடை வரும். புகார் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 336, 340 பிரிவுகளில் வழக்கும் வரும். இருபது வருடம் எல்லையில் நின்று வந்து இந்த நிறுவனத்தை நடத்தும் மனிதர் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஒருவேளை இந்த டெண்டரில் ஜெயித்திருந்தால் இன்னும் பெரிய பள்ளம் காத்திருந்தது. தரகர் போட்ட விலையைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு காவலரின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 14,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்காக பி.எப். நிர்வாகக் கட்டணம், இன்சூரன்ஸோடு 13 சதவீதம், 1,820 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. போனஸ் 8.33 சதவீதம், 1,166. ஆக 17,441. தரகர் போனஸை விட்டுவிட்டு 16,275-ஐ மூன்றால் பெருக்கி, 24 மணி நேரப் பணியிடம் ஒன்றுக்கு மாதம் 48,825 என்று போட்டிருக்கிறார்.

மூன்று ஷிப்டுக்கு மூன்று ஆள் என்ற கணக்கே தப்பு. வாரத்துக்கு 21 டியூட்டி. வார விடுப்பு போக ஒருவர் பார்ப்பது 6. அப்படியானால் 3.5 ஆள் வேண்டும். 17,441-ஐ 3.5-ஆல் பெருக்கினால் 61,000-க்குச் சற்று மேலே. ஒரு பணியிடத்துக்கு மாதம் 12,000-க்கு மேல் நஷ்டம், பத்துப் பணியிடம் என்றால் 1.2 லட்சத்துக்கு மேல். யூனிபார்மும், 15 காவலருக்கு ஒருவர் வீதம் சூப்பர்வைசர் சம்பளமும் இதில் சேரவில்லை. இந்தப் பள்ளத்தை நிரப்ப வழியில்லாமல்தான் பலர் காவலரை 12 மணி நேரம் நிற்கவைத்து, ஓவர்டைமும் தராமல், பி.எப்.பில் கைவைக்கிறார்கள். பாவம், அதில் அடிபடுவது வயதான காவலர்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்று. தனிநபர் நிறுவனமாக இருந்தால் சேவையை வாங்குகிறவரே வரியைக் கட்டிவிடுவார் என்று தரகர் சொல்லியிருக்கிறார். பாதி உண்மை. டி.டி.எஸ். (பில் தொகையிலிருந்து வரி) பிடிப்பதற்காக மட்டும் பதிவு எடுத்த அரசுத் துறைக்கு அந்த முறை பொருந்தாது, 18 சதவீதத்தை நீங்கள்தான் பில்லில் போட்டுக் கட்ட வேண்டும். விலையில் வரி சேர்ந்ததா, தனியா என்பதை டெண்டர் ஆவணத்தில் படித்துவிட்டே எண்ணை நிரப்புங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒருவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டியவை: டி.எஸ்.சி. டோக்கனை (உங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. கருவி) திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் சான்று வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்யுங்கள். டெண்டர் போர்ட்டல், பி.எப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. கணக்குகளில் இருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். இந்த விஷயத்தில் நான்கிலும் தரகரின் எண்ணே இருந்தது. அவர் அதே கம்ப்யூட்டரிலிருந்து போட்டி நிறுவனம் ஒன்றுக்கும் பிட் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே ஐ.பி. முகவரியில் பதிவானால், கூட்டுச் சேர்ந்து விலை போட்டதாக இரு நிறுவனங்களுமே மாட்டும். கடைசித் தேதி தாண்டாத பிட்டாக இருந்தால் போர்ட்டலிலேயே திரும்பப் பெற முடியும். தாண்டிவிட்டால் காத்திருக்காமல் டெண்டர் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பணம் ஆன்லைனில் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே ரசீதுகளையும் அழிக்காமல் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு கொடுங்கள்.