மனை எங்கே வாங்கலாம்: ஈசிஆரா, பட்டணம்காத்தானா, உச்சிப்புளியா?

ராமநாதபுரம் பக்கம் வீடு கட்ட இடம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது சென்ட் என்ன விலை என்றுதான். பஸ் எப்போது வரும் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியை வைத்து மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லேஅவுட் மனைகள் மலிவு. "ஈசிஆர் மேலேயே" என்று சொல்லித்தான் விற்பார்கள். போய்ப் பார்த்தால் மனை உள்ளே தள்ளி, கருவேலங்காட்டுக்குள் கிடக்கும். இந்தத் தடத்தில் ரயில் கிடையாது. பஸ் உண்டு, ஆனால் மெயின் ரோடு வரை வெயிலில் நடக்க வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் பைக்தான். வீட்டுக்கு ஒன்று போதாது. நிலத்தில் மிச்சம் பிடித்தது பெட்ரோல் பங்க்கில் கரைந்துவிடும். குடிநீர்க் குழாயும் அவ்வளவு தூரம் வந்தாக வேண்டும். நம் மாவட்டத்தில் அது சாதாரண விஷயமா?

பட்டணம்காத்தானில் விலை அதிகம், சரி. ஆனால் கலெக்டர் ஆபீஸ் அங்கேயே இருக்கிறது, டவுனும் பக்கம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீட்டில் இது மாதாமாதம் மிச்சம்.

உச்சிப்புளியில் ரயில்வே ஸ்டேஷனும் உண்டு, ராமேஸ்வரம் போகும் நெடுஞ்சாலையும் உண்டு. ஸ்டேஷனை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சென்னை மின்சார ரயில் போல இங்கே அடுத்தடுத்து வண்டி வராது. 2022 டிசம்பரில், உச்சிப்புளியைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. சாலைப் பாலத்தில் ஓடிய பஸ்தான் கைகொடுத்தது. ஆக, என் ஓட்டு உச்சிப்புளிக்குத்தான், ஆனால் நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு நடக்கிற தூரத்தில்.

கடல் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. அவர்கள் கரையை விட்டு வர முடியாது. அங்கிருந்து பெண்கள் மீன் கூடையோடு சந்தைக்குப் போக, பஸ்தான் அவர்கள் ஊருக்குள் வர வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் காலை எட்டு மணிக்கு அந்த நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். எந்த பஸ் நிற்கிறது, எது நிற்காமல் பறக்கிறது என்று தெரியும். அப்புறம் ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.