நள்ளிரவு 12.30 மணிக்கு ஒரு வாக்கு: இரசிகர்களுக்குச் சொந்தமான கழகமொன்றில் ஓராண்டு அங்கத்துவம்

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் இருந்துகொண்டே இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டக் கழகமொன்றின் உடைமையாளர்களில் ஒருவனாக ஓராண்டு இருந்து பார்த்தேன். சந்தா 25 பவுண். நம் பணத்தில் அது ஏறத்தாழ 10,000 ரூபாய். 2025இல் நாளொன்றுக்கு 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது ஏழு முழுப்பேருக்கும், அதாவது ஏழு முழுநாள் வேலைக்கும், மேல். இந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்பதை, முப்பது ஆண்டுகள் தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் என்னும் வேலைநாட் பதிவேடு எழுதி ஓய்வுபெற்ற ஒருவனின் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கழகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கிடைப்பவை மிகக் குறைவு. ஓர் அட்டை, மாதாந்த மின்னஞ்சல், வருடாந்தக் கணக்கறிக்கை, ஒரு வாக்கு. பருவச்சீட்டு இல்லை, சட்டை இல்லை, போட்டியின் நேரடி ஒளிபரப்பும் இல்லை. யாரை மத்திய களத்தில் ஆட வைப்பது என்று அங்கத்தவரிடம் எவரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. 25 பவுண் தந்தவருக்கும் 5,000 பவுண் தந்தவருக்கும் ஒரே வாக்கு. 1844ஆம் ஆண்டு றொச்டேல் நெசவாளர்கள் கடை திறந்தபோது கைக்கொண்ட அதே கூட்டுறவு விதி இது. நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கை உயர்த்தியவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இராது.

அப்படியானால் எதற்காக இந்தச் சந்தா? கடன் யார் பெயரில் எழுதப்படுகிறது, காணி யார் பெயரில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கேட்கும் உரிமைக்காக. மலையகத்தில் பிறந்தவனுக்கு இவ்விரண்டும் பரம்பரைக் கேள்விகள்.

முதலில் கடன். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கு வந்துசேர்ந்த செலவு அவர்கள் பெயரிலேயே பற்று எழுதப்பட்டது. அந்தத் தொகையைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டித்தான் ஆளைப் பெறும். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் 2005இல் மென்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தைக் கிளேசர் குடும்பத்தினர் ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்கு வாங்கிய விதத்தைப் படித்தபோது எனக்குத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. விலையின் பெரும்பகுதி கடனாகப் பெறப்பட்டது; அந்தக் கடனின் பெரும்பங்கு, வாங்கப்பட்ட கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அதற்கு முன் பல தசாப்தங்களாகப் பெரிய கடனின்றி இயங்கிய கழகம், தன்னை விற்ற விலைக்குத் தானே வட்டி கட்டியது. கப்பல் கூலியைக் கூலியிடமே அறவிட்ட கணக்குப்பிள்ளைகூட இதைக் கண்டால் மெச்சியிருப்பார்.

கடன் முற்றினால் நேர்வதற்குப் போர்ட்ஸ்மத்தைப் பார்க்கலாம். 2010 பெப்ரவரியில் பிரீமியர் லீக்கிலிருந்து கடனைத் தீர்க்க முடியாத நிறுவனத்தை நடத்த நியமிக்கப்படும் நிருவாகியின் பொறுப்புக்குப் போன முதற் கழகம் அது. 9 புள்ளிகளை இழந்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, அதே பருவத்தில் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியிலும் ஆடியது. கடன் கொடுத்தோருடன் செய்த உடன்படிக்கையில் சாதாரணக் கடன் கொடுத்தோருக்குப் பவுணுக்கு 20 பென்ஸ் மட்டுமே; வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் உள்ள பாக்கியோ, உதைபந்தாட்டக் கடன் கொடுத்தோர் விதியின்படி, முழுதாகத் தீர்க்கப்பட வேண்டும். வரி அலுவலகமும், மைதானத்தில் முதலுதவி செய்த சென் ஜோன் அம்புலன்ஸ் தொண்டர் அமைப்பும் சாதாரண வரிசையில்தான் நின்றன. நட்சத்திர வீரனுக்கு முழுச் சம்பளம், கட்டுப்போட்டவருக்கு ஐந்திலொரு பங்கு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று தன் நாடே அறிவிக்கக் கேட்டவனுக்கு, வங்குரோத்தில் வரிசை யாரிடமிருந்து தொடங்குகிறது என்பது அந்நியமான விடயமன்று.

ஆகவே நான் பெற்ற அங்கத்துவத்தின் மிகச் சிறந்த பகுதி அந்தக் கணக்கறிக்கைதான். ஐந்தொகையில் குறுங்காலக் கடன், வரிப் பாக்கி, அங்கத்தவர்களிடம் வாங்கிய கடன் எல்லாம் தனித்தனியே காட்டப்பட்டிருந்தன. ஒரு குறிப்பு விளங்காமல் பொருளாளருக்கு எழுதினேன். நான்கு நாளில், என்னை ஒரு வெளிநாட்டு வேடிக்கையாளனாக நடத்தாமல், இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. தனியொருவருக்குச் சொந்தமான கழகத்தில் இந்தப் பதிலை எவரும் எனக்குத் தரக் கடமைப்பட்டவர் அல்லர்.

அடுத்தது காணி. மைதானத்தை விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ அங்கத்தவர்களின் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்று இக்கழகத்தின் யாப்பில் இருக்கிறது. நான்கு தலைமுறையாக ஒரே லயத்து அறையில் குடியிருந்தும் காணியுறுதி கையில் இல்லாதவர்களுக்கு, வீட்டுக்கென ஏழு பேர்ச் காணிக்காக இன்னும் காத்திருப்பவர்களுக்கு, இந்த வாசகத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. விம்பிள்டன் கழகம் 1991இல் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறியது. அம்மைதானம் பின்னர் விற்கப்பட்டது. 2003இல் கழகமே மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இரசிகர்கள் 2002இலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, ஒன்பதாம் படிநிலையிலிருந்து ஏறி, 2020 நவம்பரில் அதே வீதியில் எழுந்த புதிய மைதானத்துக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

இனிக் குறைகள். என் வங்கி அட்டை மூன்று முறை நிராகரிக்கப்பட்டது. இறுதியில் லண்டனில் இருக்கும் மருமகன்தான் பணம் கட்டினார். தபாலில் வர வேண்டிய அட்டை ஒன்பது வாரம் கழித்து, மழையில் நனைந்து வந்தது. பொதுக்கூட்டம் அவர்களுடைய இரவு 7 மணிக்கு. குளிர்காலத்தில் அது நமக்கு நள்ளிரவு 12.30. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பின்வாசற்படியில் இருந்து பங்குபற்றினேன். வாக்கெடுப்பு தொடங்குமுன் இணைப்பு அறுந்தது. தபால் வாக்கு உண்டு, ஆனால் அதன் இறுதி நாள் அட்டை வருவதற்கு முன்பே கடந்துவிட்டது. வெளிநாட்டு அங்கத்தவரிடம் முழுச் சந்தா வாங்கும் சங்கம், மின்னஞ்சல் வழி முன்கூட்டியே வாக்களிக்க வசதி செய்யாமலிருப்பது சரியன்று.

இந்த உடைமை முறையே கடனுக்கு மருந்து என்று நினைத்து யாரும் சந்தா கட்ட வேண்டாம். பார்சிலோனா அங்கத்தவர்களுக்குச் சொந்தமான கழகம்தான். ஆனாலும் 2021 ஓகஸ்டில் அதன் கடன் 1.35 பில்லியன் யூரோ என்று தலைவர் லபோர்ட்டா அறிவித்தார். மெஸ்ஸி வெளியேறியதும் அதே மாதந்தான். வாக்கு இருந்தது, கணக்கை வாசித்தவர்கள் போதவில்லை போலும். போர்ட்ஸ்மத்தில் இரசிகர்கள் 2013இல் கழகத்தை வாங்கி, கடனை அடைத்து, நான்காம் பிரிவில் வாகை சூடி, 2017இல் அமெரிக்கச் செல்வந்தர் மைக்கல் ஐஸ்னரின் நிறுவனத்துக்குத் தாங்களே வாக்களித்து விற்றார்கள். மைதானத்தைச் சீரமைக்கப் பெரும் பணம் வேண்டியிருந்த நிலையில் அந்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். என் கழகத்திலும் அப்படியொரு நாள் வரலாம்.

விளையாட்டை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு இந்தச் சந்தா வீண். கணக்கு வாசிக்கத் தெரிந்தவருக்கும், தோட்டத்து விளையாட்டுக் கழகத்தின் சீட்டுப் பணத்தைப் பொறுப்பாக நடத்துபவருக்கும் 10,000 ரூபாய் தகும். அந்த யாப்பின் மைதானப் பிரிவை மட்டும் தமிழாக்கி எங்கள் தோட்டத்து இளைஞர் கழகச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். “மைதானமே கம்பெனிக் காணி, மாமா, நாங்க எதை விக்கிறது?” என்று தம்பி கேட்டார். இவ்வாண்டும் புதுப்பித்துவிட்டேன், கூட்டத்துக்குரிய கேள்விகளை இம்முறை முதல் வாரமே அனுப்பிவிட்டு, அன்றிரவு வேளைக்குப் படுத்துவிடுவதாக உத்தேசம்.