6,500 பெசோ போச்சு: மாயா வெள்ளி நாணயம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வாங்கிய நாணயம் போலி என்று நேற்று மாலைதான் உறுதியானது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காக மெக்சிகோவில், குவாதலஹாராவில் இருக்கிறேன். மார்ச்சில் மாயா என்ற பழங்கால இனத்தவரின் நகரமான சிச்சென் இட்சா போய் எல் காஸ்தீயோ பிரமிடைப் பார்த்ததிலிருந்து ஒரு பித்து. நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சி மேடையையும் ஒன்றாகச் சேர்த்தால் 365. மாயாக்காரர்கள் வருடத்தையே கல்லில் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பிரமிடு பொறித்த வெள்ளி நாணயம் உண்டு. 1994-இல் மெக்சிகோ வெளியிட்ட மாயா வரிசையில் பெரியது அது: 5 அவுன்ஸ் (155.5 கிராம்), 999 தர (99.9 சதவீதம் சுத்த) வெள்ளி, 65 மி.மீ. விட்டம், முகமதிப்பு 10 புதிய பெசோ. உள்ளங்கை நிறையும்.

பழைய பொருள், நாணயமெல்லாம் விற்கும் ஓர் ஆன்லைன் சந்தையில் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை, வேறு வம்பு வேண்டாம். விலை 6,500 பெசோ. நம் கணக்கில் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய்.

விற்றவர் பேச்சில் அவசரமே இல்லை. "சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள்" என்று அவரே சொன்னார். நான் விழுந்தது அங்கேதான். கேட்காமலே ஒரு வீடியோவும் அனுப்பினார். பச்சைத் துணி விரித்த மேஜை, நாணயம், ஒரு குட்டிக் காந்தம். காந்தத்தை மேலே வைக்கிறார், ஒட்டவில்லை. அசல் வெள்ளியாம். நாலு தடவை பார்த்துவிட்டு 6,500 பெசோவைக் கட்டினேன். பித்தளையிலும்தான் காந்தம் ஒட்டாது! மெக்கானிக்கல் படித்தவன் நான், வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

சனிக்கிழமை பார்சல் வந்தது. நீல வெல்வெட் பெட்டி, பிளாஸ்டிக் கேப்சூல், கூடவே ஒரு "அசல் சான்றிதழ்". சான்றிதழின் தலைப்பில், மாயா அல்லாத வேறொரு இனமான ஆஸ்டெக்கின் சூரியக் கல்லின் படம்! அது 1790-இல் மெக்சிகோ நகரத்தின் பெரிய சதுக்கத்தில் தோண்டியெடுத்த கல். சிச்சென் இட்சாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாயாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதைப் பார்த்தும் சிரித்துவிட்டு விட்டேனே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஞாயிறன்று சும்மா ஆசைக்குக் கேப்சூலைத் திறந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 155.5 கிராம் காட்ட வேண்டும். 126. பேட்டரியை மாற்றினேன், மறுபடி 126. ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. அப்போதே அடிவயிறு கலங்கிவிட்டது.

நேற்று நகைக்கடை வீதியில் வெள்ளி வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாங்கி ஒரு தரம் கையிலே தூக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரே இழுப்பு. மேலே மெல்லிய வெள்ளைத் தோல், அடியில் மஞ்சள். "லத்தோன்" என்றார். பித்தளை. பார்த்ததற்குக் காசுகூட வாங்கவில்லை.

அப்புறம் நடந்த கூத்துதான் இன்னும் எரிகிறது. விற்றவருக்கு எழுதினால், "உங்கள் தராசு கோளாறு". அரத்தால் இழுத்த இடத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "நாணயத்தை நீங்களே சேதப்படுத்திவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க முடியாது" என்று பதில், கூடவே கைகூப்பும் ஒரு பொம்மை. சந்தையின் வாடிக்கையாளர் சேவையில் மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசினேன். முதல் ஆள் 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். இரண்டாவது ஆள், கேப்சூல் திறந்துவிட்டதால் விற்றவர் அனுப்பிய நாணயம் இதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். திறக்காமல் எப்படி ஐயா எடை போடுவது? மூன்றாவது ஆள் பதிலே சொல்லாமல் புகாரை மூடிவிட்டார். உடனே ஒரு மெயில்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? 6,500 பெசோ!

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. தராசில் வைத்து எடை தெரிகிற வீடியோ கேளுங்கள், காந்த வீடியோவை நம்பாதீர்கள். 155.5 கிராம் அசல் வெள்ளி தண்ணீரில் 15 மில்லிக்குள்தான் இடம் பிடிக்கும், அதையும் பாருங்கள். பார்சல் பிரிப்பதை வெட்டாமல் படம் பிடியுங்கள். மெக்சிகோவில் இருப்பவர்களுக்கு ப்ரோஃபெகோ என்ற நுகர்வோர் அமைப்பு இருக்கிறது, நான் நாளைக்கு அங்கே மனு கொடுக்கப் போகிறேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அதே ஆள், இந்தத் தடவை சாக் மூல் என்ற சாய்ந்து படுத்திருக்கும் பழைய கற்சிலை பொறித்த 1 அவுன்ஸ் நாணயம். அதே பச்சைத் துணி, அதே குட்டிக் காந்தம்.