மாடியில் பேசில்: ஜெனோவீஸா, தாய் பேசிலா, திருநீற்றுப்பச்சிலையா?

பாஸ்தாவுக்குப் பேசில் இலை வேண்டும் என்றால் வீட்டுத் துளசியையே கிள்ளிப் போடலாமே என்று பலருக்கும் தோன்றும். போடலாம், கஷாய வாசம் வரும். துளசியில் யூஜினால் என்ற மணப்பொருள் தூக்கல். கிராம்புக்கு மணம் தருவதும் அதுதான். கடைகளில் இத்தாலியன் பேசில் என்று விற்கும் ஜெனோவீஸ் லினலூல் என்ற மணப்பொருளால் மென்மையாக மணக்கும். தாய் (தாய்லாந்து) பேசிலில் மெத்தில் சாவிக்கால் அதிகம், அதனால் சோம்பு வாசம். இந்த இரண்டும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம் (ஆசிமம் பேசிலிகம்). துளசி வேறு இனம்.

நால்வரில் தொல்லை பிடித்தது ஜெனோவீஸ். அகன்ற, குமிழ்ந்த மெல்லிய இலை. சித்திரை வெயிலில் ஓரம் கருகும், சீக்கிரமே பூங்கதிர் தள்ளும். அதைவிட மோசமானது அடிச்சாம்பல் நோய். நரம்புகளுக்கு நடுவே இலை மஞ்சளிக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் கலந்த ஊதாப் பூஞ்சணம் இருக்கும். சத்துக்குறைவு என்று நினைத்து உரம் வைப்பவர்கள்தான் அதிகம். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் இது பரவும். எனவே காலையில், மண்ணுக்கு மட்டும் தண்ணீர். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி. பூஞ்சணம் கண்ட செடியை முழுதாகப் பிடுங்கி எறிவதே நல்லது.

சமவெளியில் ஜெனோவீஸை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள முயல்வது வீண் வேலை. ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் தை, மாசியில் நல்ல தழை கிடைக்கும். இத்தாலியில் ஜெனோவா பக்கத்துப் பசுமைக்குடில்களில் பெஸ்டோவுக்கான (பேசில் இலையை அரைத்துச் செய்யும் சட்னி) செடியை இரண்டு முதல் நான்கு ஜோடி இலையிலேயே வேரோடு பிடுங்கிக் கட்டுகிறார்கள். முற்றினால் வாசம் மாறிவிடும். நாமும் அகலமான தட்டில் நெருக்கமாக விதைத்து, குட்டையாக இருக்கும்போதே அறுத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தட்டு என்று சுழற்றலாம். செடி இடத்தில் இருப்பது குறைந்த நாள் என்பதால் நோய்க்கும் அவகாசம் குறைவு.

தாய் பேசில் இதைவிடக் கெட்டி. தண்டு ஊதா, இலை ஒடுங்கித் தடித்திருக்கும். வெயிலையும் அடிச்சாம்பலையும் ஜெனோவீஸைவிட நன்றாகத் தாங்கும். கோடையில் 50 சதவீத நிழல்வலை போதும். சூடான குழம்பில் போட்டாலும் மணம் நிற்கும். ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் என் தேர்வு இதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: தாய்லாந்தில் கப்ராவ் என்று இறைச்சியோடு வதக்குவது இந்த இலை அல்ல, துளசி இனத்தைச் சேர்ந்தது. அந்தச் சமையலுக்கு நம் துளசியே நெருக்கமாக வரும்.

திருநீற்றுப்பச்சிலைக்கு விதைச் செலவே இல்லை. மளிகைக்கடைச் சப்ஜா விதை இதன் விதைதான்; பழையதாக இல்லாவிட்டால் முளைக்கும். ஆனால் அதிலிருந்து ஜெனோவீஸை எதிர்பார்க்காதீர்கள். இலை சிறிது, வாசம் காட்டம். சர்பத்துக்கு விதை வேண்டுமென்றால் கிள்ளாமல் பூக்க விடுங்கள். கதிர் பழுப்பாகிக் காய்ந்ததும் அறுத்து உள்ளங்கையில் தேய்த்தால் விதை உதிரும். அருகில் ஜெனோவீஸோ தாய் பேசிலோ பூத்திருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். விதைக்கு வைத்த செடியைத் தள்ளி வையுங்கள்.

பேசில் விதையை ஊறவைத்து விதைக்கக் கூடாது. வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த விதையைத் தூவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல் தெளித்தால் ஒரு வாரத்தில் முளை வரும். துளசி விதை இன்னும் பொடி. மணலில் கலந்து தூவுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். தொட்டி 10 அல்லது 12 அங்குலம்; செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒன்று, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒன்று. கோகோபீட் கூடினால் மழைக்காலத்தில் வேர் அழுகும். மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே செடி துவண்டிருந்தால் கோளாறு வேரில்தான். மேலும் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது.

நான்கு ஜோடி இலை வந்ததும் இரண்டாம் ஜோடிக்கு மேலே வெட்டுங்கள்; அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். வெட்டிய நுனியைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். பெரிய இலையை மட்டும் உருவினால் செடி நெட்டையாகிப் பூத்துவிடும்.

துளசிக்கு வரும் தொல்லை வேறு: மாவுப்பூச்சியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும். இலை வெளிறிச் சுருண்டு, அடியில் கரும்புள்ளி தெரிந்தால் பின்னதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல்; மாலையில் இலையடி நனையத் தெளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி. பறித்த பேசிலை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் கறுத்துவிடும். காம்பைத் தண்ணீரில் நிறுத்தி அடுப்பங்கரையிலேயே வைத்தால் சில நாள் தாங்கும்.