கம்பைலர் ஆவணங்களுக்கு ஸ்ஃபிங்ஸ் லிங்க்செக்: எதுவரை நம்பலாம்?

எல்எல்விஎம், கிளாங் ஆகிய கம்பைலர் திட்டங்களின் ஆவணங்கள், ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்ஸில் எழுதப்பட்டவை. அத்துடன் சேர்ந்தே வரும் லிங்க்செக், செத்துப்போன லிங்க்குகளைக் கண்டுபிடிக்க அருமையான கருவி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆவணத்தை உருவாக்கும் கட்டளையில் எச்டிஎம்எல் பில்டர் (வெளியீட்டு வகை) பெயர் இருக்கும் இடத்தில் லிங்க்செக் என்று கொடுத்தால் போதும். கோப்பு, வரி எண் சகிதம் முடிவு வந்துவிடும்.

ஆனால் 'பிரோக்கன்' என்று அது சொல்வதெல்லாம் உடைந்தது அல்ல. லிங்க்கில் # குறியோடு பக்கத்தின் உட்பகுதி சுட்டப்பட்டிருந்தால், அந்த ஆங்கர் (உட்பகுதியின் அடையாளப் பெயர்) பக்கத்தில் உள்ளதா என்றும் பார்க்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உருவாகும் பக்கங்களில் அது கிடைக்காது. அதற்காக ஆங்கர் சோதனையையே அணைத்துவிடாதீர்கள், ஸ்ஃபிங்ஸ் 7.1 முதல் குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். ஒரே தளத்துக்கு நூற்றுக்கணக்கான லிங்க் இருந்தால் 429 பிழை (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) வரும். இயல்பாக 5 ஒர்க்கர்கள் ஒரே நேரத்தில் லிங்க்குகளைச் சோதிக்கின்றன. அதைக் குறைத்துப் பாருங்கள்.

உண்மையான உழைப்பு ரீடைரக்ட் பட்டியலில்தான், அதாவது வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படும் லிங்க்குகளில். 301, 308 என்றால் நிரந்தர மாற்றம், புது முகவரியைப் போடலாம். 302, 307 என்றால் தற்காலிக மாற்றம், பழையதே இருக்கட்டும். சி++ தரக்குழு ஆவணங்களுக்கான டபிள்யூஜி21.லிங்க் போன்ற குறுமுகவரிகள் ரீடைரக்ட் ஆவதற்கென்றே இருப்பவை. அவற்றை விரித்து எழுதுவது ஆவணத்தைக் கெடுப்பதுதான். அனுமதித்த ரீடைரக்ட் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மிக ஆபத்தானது, பழைய பக்கத்தை நீக்கிவிட்டு முகப்புக்குத் திருப்பிவிடும் தளம். பதில் 200 (எல்லாம் சரி) என்று வரும், கருவி குறை சொல்லாது, படிக்க வந்தவருக்கோ தேடிய விஷயம் கிடைக்காது. இதைக் கண்ணால் பார்த்தே பிடிக்க முடியும்.

கோட் பிளாக்குகள், சோர்ஸ் கோடில் டாக்ஸிஜன் என்ற ஆவணக் கருவிக்காக எழுதும் கமெண்ட்டுகள் ஆகியவற்றில் இருக்கும் முகவரிகளை லிங்க்செக் தொடுவதே இல்லை. அவற்றை கிரெப் (grep) என்ற தேடல் கட்டளை போட்டுத் தேட வேண்டும். தேடியதும் மொத்த ரெப்போவிலும் (கோடு களஞ்சியம்) செட் (sed) என்ற மாற்றும் கட்டளை கொண்டு மாற்றிவிடாதீர்கள். டெஸ்ட் கோப்புகள் எதிர்பார்க்கும் பிழைச்செய்தியில் அந்த முகவரி இருந்தால் டெஸ்ட் விழும். ஜிசிசி என்ற கம்பைலரில் 10ஆம் பதிப்பு முதல் எச்சரிக்கைச் செய்திகளிலேயே ஆவண லிங்க் உண்டு. ஆகவே இப்படிச் செய்யும் கம்பைலரின் ஆவணப் பக்கத்தில் ஆங்கர் பெயரை மாற்றினாலும் கம்பைலர் காட்டும் லிங்க் உடையும். வெளியே போகும் லிங்க்குகளை மட்டுமே பார்க்கும் லிங்க்செக் இதைச் சொல்லாது.

ஒரே தளத்துக்குப் போகும் லிங்க்குகளை எக்ஸ்ட்லிங்க்ஸ் என்ற ஸ்ஃபிங்ஸ் நீட்சி வழியாக எழுதிவிட்டால், தளம் இடம் மாறும்போது கான்ஃபிக்கில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ப்ராசஸர் கையேடுகளுக்கு இதுவும் போதாது. 'ஆர்ம் டிடிஐ 0487' என்று ஆவண எண்ணையும் லிங்க்குக்கு அருகிலேயே எழுதுங்கள்; லிங்க் செத்தாலும் எண்ணை வைத்துத் தேடி எடுக்கலாம்.