நிகோடின் சூயிங்கம் 2 மி.கி.: மூன்று மாதம் மென்றவன் சொல்வது

திருநெல்வேலி பக்கம் முக்கூடல் எனக்குச் சொந்த ஊர். அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். புகையிலைத் தூள் வாசம் எங்கள் வீட்டில் சோற்று வாசம் மாதிரி. கம்பெனியில் கழித்துவிட்ட பீடி ஒன்றை நான் முதன்முதலில் பற்றவைத்தபோது வயது 16. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டூவீலர் பட்டறை போட்ட பிறகு சிகரெட்டுக்கு மாறினேன். மொத்தம் 27 வருடம். கடைசியில் ஒரு நாளைக்கு 12 வரை போனது.

விட முடியாதவன் என்று என்னைச் சொல்லிவிட முடியாது. சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டேன். முதல் நாலு நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமில்லை. மூன்றாவது வாரத்தில் உடம்பு அடங்கிவிடும். ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள் டீக்கடை முன்னால் நின்றதும் கை தானாக நீளும். மாலை இல்லாமல் முயன்றாலோ அந்த நாலு நாளையே தாண்ட முடியாது. இப்படி ஆறு வருடம் போனது.

சிகரெட்டை விட உதவும் இந்த நிகோடின் சூயிங்கத்தை முதலில் வாங்கியபோது மருந்துக்கடையில், “சும்மா மென்னு துப்புங்க” என்று மட்டும் சொன்னார்கள். நானும் பபிள்கம் மாதிரி வேகமாக மென்றேன். விக்கல், தொண்டை எரிச்சல், குமட்டல். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சரியாகச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்பே விட்டிருப்பேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அப்புறம் ஒரு நாள் சிகரெட் பெட்டியில் அச்சடித்திருக்கும், புகையை விட உதவும் 1800-11-2356 எண்ணுக்குப் பேசினேன். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். எடுத்தவர் முதலில் கேட்டது, “எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட் பிடிப்பீங்க?” என்பதுதான். நான் ஆறு மணிக்கு எழுந்தால் பட்டறை திறக்கும்போதுதான் முதல் சிகரெட். அப்படியென்றால் 2 மி.கி. போதும் என்றார். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பிடிப்பவர்களுக்கு 4 மி.கி. வேண்டியிருக்கும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

மெல்லும் விதத்தையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மெதுவாக மென்றால் கொஞ்ச நேரத்தில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, மறுபடி ஒதுக்கு. அரை மணி நேரம் ஓடும். மருந்து இறங்குவது வாயின் தோல் வழியாக. எச்சிலோடு விழுங்கினால் வயிற்றைத்தான் எரிக்கும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி, பன்னிரண்டாவது வாரத்தில் நிறுத்துவது என்று கணக்கு.

சிகரெட் புகையில் வரும் நிகோடின் சில விநாடியில் மூளைக்கு ஏறிவிடும். சூயிங்கம் அப்படி ஏறாது, அந்த ‘கிர்’ இருக்காது. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் எரிச்சலும் தலைவலியும் பாதிக்கு மேல் குறைந்தன. தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது. ஆசை வந்து முட்டுவது சில நிமிடங்கள்தான், அதற்குள் வாய்க்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

இதற்கு அடங்காதது டீக்கடை. காபி, டீ, கலர், எலுமிச்சை ஜூஸ் குடித்துக் கால் மணி நேரத்துக்குள் மென்றால் மருந்து சரியாக இறங்காது. எனக்கோ டீ கிளாஸைப் பிடித்தாலே விரலிடுக்கில் சிகரெட் இருந்தாக வேண்டும். கடைக்கார அண்ணாச்சி கிளாஸோடு ஒன்றை உருவிக் கையில் வைப்பார், நான் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் காலையில் போய், “அண்ணாச்சி, இனி நான் கேட்டாலும் தராதீங்க” என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “சரி, டீயைப் பட்டறைக்கே அனுப்பிவிடுதேன்” என்றார். அன்றிலிருந்து பையன் கொண்டுவந்து தருகிறான். நான் தூக்கு வாளியில் வாங்கி வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து குடிக்கிறேன். மாலை போட்ட வருடங்களில் எனக்குக் கிடைக்காமல் போனது இந்த ஏற்பாடுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சூயிங்கம் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் ஊரில் ஒரு துஷ்டி வீடு, சாவு விழுந்த வீடு. பந்தலில் எல்லார் கையிலும் பீடி. நானும் ஒன்று பிடித்துவிட்டேன். எல்லாம் போச்சு என்று மறுநாள் அதே எண்ணுக்குப் பேசினேன். ஒன்று பிடித்ததால் பழையபடி ஆகிவிடவில்லை, சூயிங்கத்தை நிறுத்தாதீர்கள் என்றார்கள். நிறுத்தவில்லை.

குறைகள் உண்டு. முதல் வாரம் தாடை வலித்தது. ருசி பழகப் பத்து நாள் ஆனது. பல்செட் போட்டவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பெரிய குறை விலை. சிகரெட் பிடித்த எனக்கு இது செலவு குறைவு. பீடி பிடிப்பவருக்கோ கட்டுப் பீடியை விடப் பல மடங்கு ஆகும். பீடி சுற்றுகிற எங்கள் ஊரில் இது யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கு எட்டவில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

இப்போது விடப் பார்க்கும் என் பெரியப்பாவுக்கு வயது 68, பல் எல்லாம் சொந்தப் பல். இரண்டு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவரை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அவர்கள் சரி என்றால் அன்றைக்கே ஆரம்பிப்பதாகப் பேசியிருக்கிறோம்.